வீட்டு விதை மாறும் வானிலைக்குத் தேறிவருமா? கம்புக்கு ஒரு பதில், நெல்லுக்கு வேறு பதில்

கயத்தாறுப் பக்கம் கரிசலில் மானாவாரிக் கம்பும், சீவலப்பேரியில் ஆற்றுப்பாசன நெல்லும் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கேட்டது இது: "மழை முன்னே பின்னே வருது, வெயில் கூடிட்டு. வருசா வருசம் என் வயல் விதையவே எடுத்து விதைச்சா, பயிர் தானா இந்தப் பருவத்துக்குத் தேறி வந்துராதா? செடியோட மரபணுவே மாறும்ங்காங்களே, அது எத்தன வருசத்துல நடக்கும்?"

அண்ணாச்சி, உங்கள் கம்பு தேறும். நீங்கள் கொஞ்சம் கை கொடுத்தால் ஐந்தாறு வருடத்தில் கண்ணுக்கே தெரியும். உங்கள் ஏ.எஸ்.டி. 16 நெல்லை ஐம்பது வருடம் எடுத்து விதைத்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. ஆத்தூர் வெற்றிலைக்கும் ஏத்தன் வாழைக்கும் அந்த வழியே அடைபட்டுக் கிடக்கிறது. பனைக்கு வழி உண்டு, காலம்தான் போதாது. ஏன் இப்படி ஆளுக்கொரு பதில் என்பதைத்தான் விரித்துச் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுவோம். தனி ஒரு செடி வெயிலையும் வறட்சியையும் சமாளிப்பது வேறு, ஒரு பயிர்க்கூட்டம் மரபணு அளவில் மாறுவது வேறு. தண்ணீர் குறைந்தால் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது, வேரை ஆழத்துக்கு விடுகிறது. சூடு ஏறினால் மற்ற புரதங்கள் சிதையாமல் காக்கும் தனிப் புரதங்களைச் சில நிமிடங்களிலேயே உண்டாக்கத் தொடங்குகிறது. இதெல்லாம் அந்தச் செடியோடு முடிகிறது. இந்த வருடம் பாடுபட்டு ஆழ வேர்விட்ட கம்பின் விதை, அந்தப் பாட்டினாலேயே அடுத்த வருடம் ஆழ வேர்விடாது. மரபணு மாற்றம் என்பது கணக்கு சார்ந்த விஷயம். ஒரு வயலில் 30,000 செடி நின்றால், அவற்றில் சில பிறவியிலேயே சீக்கிரம் பூப்பவை, சில தாமதமாகப் பூப்பவை. மழை முன்கூட்டியே நின்றுபோன வருடத்தில் சீக்கிரம் பூத்தவை மணி பிடிக்கும், தாமதமானவை பதராகும். அடுத்த வருட விதைக்குதிரில் முன்னவற்றின் பங்கு கூடியிருக்கும். எந்தச் செடியும் மாறவில்லை, கூட்டத்தின் கலவை மாறிவிட்டது.

தாய்ச்செடி பட்ட கஷ்டம் விதையின் வழி பிள்ளைக்குப் போகும் என்று இப்போது நிறையப் பேசப்படுகிறது. மரபணுவின் எழுத்து மாறாமல் அதன் மேல் ஒட்டும் வேதிக்குறிகள் மாறுவது உண்மைதான். ஆனால் அவற்றில் பல விதை உருவாகும்போதே துடைக்கப்படுகின்றன. கடுகு இனத்து ஆர்பிடாப்சிஸ் செடியில், குளிர்காலம் கடந்ததை நினைவில் வைக்கும் எஃப்.எல்.சி. மரபணுவின் குறி ஒவ்வொரு தலைமுறையிலும் அழிந்து புதிதாக எழுதப்படுகிறது. அழியாமல் தலைமுறை தாண்டும் குறிகளும் உண்டு, ஆனால் அவற்றை நம்பி விதை எடுக்கும் அளவுக்கு உறுதி கிடையாது. வறட்சியில் விளைந்த விதை சிறுத்துப்போய் முளைப்புத் தள்ளாடுவதுதான் வயலில் அதிகம் காணும் "பரம்பரை".

கூட்டம் மாறும் என்பதற்குக் கம்பிலேயே நல்ல சான்று இருக்கிறது. ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டுக் கிராமங்களில் 1976இல் சேகரித்த கம்பு விதையையும், அதே கிராமங்களில் 2003இல் சேகரித்த விதையையும் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் விதைத்துப் பார்த்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பகுதி கடும் வறட்சிகளைக் கண்டிருந்தது. 2003ஆம் வருட விதை சீக்கிரம் பூத்தது. வெளிச்சத்தை உணரும் ஃபைட்டோகுரோம் சி என்ற புரதத்துக்கான மரபணுவில், சீக்கிரப் பூப்புக்குரிய வடிவத்தின் பங்கு கூடியிருந்தது. அதோடு செடியின் உயரமும் கதிரின் அளவும் குறைந்திருந்தன. இந்தக் கடைசி வரியைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் காட்டுக்கடுகில் 1997இல் எடுத்த விதையையும், சில வருட வறட்சிக்குப் பின் 2004இல் எடுத்த விதையையும் இப்படியே ஒப்பிட்டபோது ஒரு கூட்டம் 1.9 நாளும், இன்னொன்று 8.6 நாளும் முன்னால் பூத்தன. ஏழே வருடத்தில்! இஸ்ரேலில் காட்டுக் கோதுமையும் காட்டு வாற்கோதுமையும் 1980க்கும் 2008க்கும் இடையில் சராசரியாக 8 முதல் 11 நாள் வரை பூப்பை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டன.

எல்லாவற்றிலும் முதலில் மாறுவது பூக்கும் நாள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். வறட்சியைத் தாங்குவதற்கு நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒத்துழைக்க வேண்டும். வறட்சி வருவதற்குள் முடித்துக்கொண்டு தப்பிக்க ஒன்றிரண்டு மரபணு தளர்ந்தாலே போதும். இயற்கைக்கு இதுதான் மலிவான வழி.

பூக்கும் நாளை முடிவு செய்வதில் பகல் நீளத்துக்குப் பெரிய பங்கு. நம் திருநெல்வேலிச் சீமையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆனாலும் பழைய சம்பா வகை நெல்களுக்கு அது போதும். முன்னால் நட்டாலும் பின்னால் நட்டாலும் பகல் சுருங்கிய பிறகுதான் அவை கதிர் தள்ளும். இலையில் உள்ள ஹெச்.டி.1 என்ற மரபணு பகல் நீளமாக இருக்கும்வரை பூப்பைத் தடுக்கிறது, பகல் சுருங்கியதும் தூண்டுகிறது. தூண்டியதும் இலையில் உண்டாகும் ஒரு புரதம் தண்டின் நுனிக்குப் போய், அங்கே இலை போடுவதை நிறுத்திக் கதிர் போட வைக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஒழுங்காக வந்த காலத்தில் இது அருமையான ஏற்பாடு. மழை ஓயும் நேரத்தில் பூப்பு, வெயில் அடிக்கும் நேரத்தில் அறுப்பு. இப்போது கோளாறு எங்கே என்றால், பகல் நீளம் சூரியனைப் பொறுத்தது, அது ஒரு நிமிடம்கூட மாறாது. மாறுவது மழை. இரண்டும் கைகோத்து நடந்தவரை பகலைப் பார்த்து மழையை யூகித்த செடி பிழைத்தது. இப்போது அந்த யூகம் தவறுகிறது. உலகெங்கும் பயிரான நெல்களில் ஹெச்.டி.1 வேலை செய்யாமல் பழுதான வடிவங்கள் பல காணப்படுகின்றன. ஊருக்கு ஊர் பூக்கும் காலம் இவ்வளவு வேறுபடுவதற்கு அது ஒரு காரணம். ஜூன் மாதம் பாபநாசம் அணை திறந்ததும் கார் நட்டு நூற்றுச்சொச்சம் நாளில் அறுக்க வேண்டும் என்றால் பகல் நீளத்துக்குக் காத்திருக்காத நெல்தான் சரிப்படும்.

மாறுவதற்கான மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது? இரண்டு வழி. ஒன்று, புதிதாக நேரும் எழுத்துப்பிழை. ஆர்பிடாப்சிஸில் எண்ணிப் பார்த்த அளவு, ஒரு தலைமுறைக்கு ஒரு மரபெழுத்துக்கு நூறு கோடியில் ஏழு என்ற வாய்ப்பு. நெல்லிலும் கிட்டத்தட்ட அதுவே என்று வைத்துக்கொண்டால், நெல்லின் மரபெழுத்துகள் ஏறக்குறைய 39 கோடி, அதில் தாய்வழி ஒரு படி, தந்தைவழி ஒரு படி. பெருக்கினால் செடிக்கு ஐந்து புதிய பிழை. 20க்கு 10 சென்டிமீட்டரில் ஒற்றை நாற்று நட்ட ஒரு ஏக்கரில் 2 லட்சம் குத்து, ஆக 10 லட்சம் புதிய பிழை. கேட்கப் பெரிதாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை, மிச்சத்தில் பெரும்பாலானவை கெடுதல் செய்பவை. உங்களுக்கு வேண்டிய இடத்தில் வேண்டிய விதமாக விழுவதற்குக் காத்திருந்தால் பேரன் காலம் ஆகிவிடும். இரண்டாவது வழி, கூட்டத்துக்குள் முன்பே ஒளிந்திருக்கும் வேற்றுமை. ஏழு வருடத்தில் கடுகு மாறியதும் கம்பு மாறியதும் இந்த இருப்பை வைத்துத்தான்.

ஏ.எஸ்.டி. 16இல் அந்த இருப்பு ஏன் இல்லை என்பது இப்போது விளங்கும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஏ.டி.டி. 31ஐயும் கோ 39ஐயும் ஒட்டி, பிரிந்த வாரிசுகளிலிருந்து தேர்ந்து, 1986இல் வெளியிட்ட ரகம் அது. நெல் தன் பூவுக்குள்ளேயே தன் மகரந்தத்தால் சூல் கொள்கிறது. தற்சேர்க்கையில் ஒவ்வொரு தலைமுறைக்கும் செடிக்குள் உள்ள கலப்பு பாதியாகக் குறையும், ஆறு தலைமுறையில் 64இல் ஒரு பங்குதான் மிஞ்சும். பிறகு ஒரே தாயிலிருந்து பெருக்கியதால் வயல் முழுக்க ஒரே செடியின் நகல். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்போது வெயில் எதைத் தேர்ந்தெடுக்கும்? "எங்க வீட்டு ஏ.எஸ்.டி. 16 எங்க மண்ணுக்குத் தேறிட்டு" என்று சொல்பவர்களின் வயலைப் பார்த்தால், பெரும்பாலும் களத்தில் வேறு நெல் கலந்திருக்கும், அல்லது விதை நன்றாகக் காய்ந்து திடமாக இருந்திருக்கும். இரண்டும் நல்லதுதான், ஆனால் அது தகவமைப்பு இல்லை.

ஆகவே நெல்லில் மரபணுவை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல் வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும். அதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள், அதைச் சேர்த்த ஸ்வர்ணா-சப்1 ரகம் 2009இல் இந்தியாவில் வெளியானது. நம் ஊரில் பெயர் தெரிந்த சி.ஆர். 1009இலும் சப்1 வந்துவிட்டது. அது செய்யும் வேலை விசித்திரமானது. சாதாரண நெல் மூழ்கியதும் மூச்சு வாங்க மேலே எட்டிப்பார்க்க நீளும், நீண்டே சேமித்த சர்க்கரையைத் தீர்த்துவிடும், தண்ணீர் வடிந்ததும் துவண்டு சாயும். சப்1ஏ உள்ளது நீளாமல் அடங்கிக் கிடக்கும், வடிந்த பிறகு மிச்ச சர்க்கரையை வைத்துத் துளிர்க்கும். ஆனால் எல்லா வெள்ளத்துக்கும் இது மருந்தாகாது. இளம்பயிரில் உதவும், பூக்கும் நேரத்தில் மூழ்கினால் உதவாது. கலங்கல் தண்ணீரில் வெளிச்சம் போகாததால் பிழைப்பு குறையும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்படிப்பட்ட வெள்ளம் மணலைக் கொண்டுவந்து வயலை மூடினால் எந்த மரபணுவும் காப்பாற்றாது.

சூட்டுக்கு நெல்லில் இன்னொரு நுணுக்கம். பூ திறக்கும் காலை வேளையில், பத்து மணியிலிருந்து நண்பகலுக்குள், பூவின் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம் போதும், மகரந்தம் கெட்டுப் பதராகும். விடிந்ததுமே பூவைத் திறந்து மூடிக்கொள்ளும் குணம் ஒரைசா அஃபிசினாலிஸ் என்ற காட்டு நெல்லில் இருக்கிறது, அதைப் பயிர்நெல்லுக்கு மாற்றியிருக்கிறார்கள். உப்புத் தாங்குவதற்குக் கேரளத்துப் பொக்காளி நெல்லிலிருந்து சால்ட்டால் என்ற மரபணுப் பகுதி. இப்படி ஒவ்வொரு குணமும் எங்கோ ஒரு பழைய நெல்லிலோ காட்டு நெல்லிலோ இருந்ததால்தான் கிடைத்தது. வீட்டில் செய்ய வேண்டுமானால் ஏறக்குறைய ஒரே வயதுள்ள ஐந்தாறு நாட்டு நெல்களைக் கலந்து விதைத்து, கலந்தே அறுத்து, கலந்தே விதை எடுத்து வரலாம். எது தாக்குப்பிடிக்கிறதோ அதன் பங்கு கூடும். ஆனால் நெல்லில் அயற்சேர்க்கை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்பதால் புதுச் சேர்மானங்கள் மெதுவாகத்தான் பிறக்கும். அரிசியும் ஒரே ரகமாக வராது, ஆலைக்காரர் விலையைக் குறைப்பார். வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒரு பத்து சென்ட்டில் செய்து பார்க்கலாம், முழு வயலிலும் செய்யச் சொல்ல மாட்டேன்.

கம்புக்கு வருகிறேன், உங்கள் கையில் உண்மையிலேயே காரியம் இருக்கும் இடம் அதுதான். கம்பில் முதலில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி வெளியே வரும், சில நாள் கழித்துத்தான் அதே கதிரில் மகரந்தம் உதிரும். அதனால் பெரும்பாலும் பக்கத்துச் செடியின் மகரந்தம்தான் சேரும். ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டு கலைத்துப் போடப்படுகிறது. வேற்றுமை ஏராளம்.

தொடக்கத்தில் எந்த விதை என்பது முக்கியம். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்தில் தொடங்காதீர்கள். அதன் அடுத்த தலைமுறை பிரிந்துபோகும். சில செடிகள் மகரந்தமே இல்லாமல் வரும். மகரந்தம் சேராத சூல்முடியைத்தான் தேன் ஒழுகல் நோயின் பூசணம் எளிதில் பிடிக்கும், ஈரமான வருடத்தில் வயலே பிசுபிசுக்கும். நாட்டுக்கம்போ, டபிள்யூ.சி.சி. 75 போன்ற, வயலில் தானாகக் கலந்து விதை பிடிக்கும் திறந்த சேர்க்கை ரகமோ எடுங்கள். இரண்டு மூன்று ஊர் நாட்டுக்கம்பைக் கலந்து தொடங்கினால் இன்னும் நல்லது. சுற்றிலும் 200 மீட்டருக்குள் வேறு கம்பு பூக்கக்கூடாது. இடம் அமையாவிட்டால் பூக்கும் காலம் மூன்று வாரமாவது தள்ளிப்போகும்படி விதையுங்கள்.

50 சென்ட் இருந்தால் 20 கட்டமாகப் பிரித்துக் குச்சி நடுங்கள், கட்டம் 10க்கு 10 மீட்டர் வரும். 45க்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியில் மொத்தம் 30,000 செடி நிற்கும். ஓரத்தில் இரண்டு மீட்டர் விட்டுவிடுங்கள். அங்கே வெளிச்சமும் இடமும் அதிகம், கதிர் பெருப்பது மரபணுவால் அல்ல. கட்டம் எதற்கென்றால், கரிசலில் பள்ளமான பக்கம் ஈரம் தங்கும். மொத்த வயலிலும் நல்ல கதிராகப் பார்த்துப் பறித்தால் எல்லாம் பள்ளத்திலிருந்தே வரும், நீங்கள் தேர்ந்தது மண்ணை, செடியை அல்ல. பலரும் வருடக்கணக்கில் விதை எடுத்தும் ஒன்றும் மாறாமல் போவதற்கு இதுதான் முதல் காரணம். கட்டத்துக்குள் ஒப்பிட்டு, கட்டத்துக்கு இத்தனை என்று எடுத்தால் அந்தக் கோளாறு போகும்.

சூல்முடி வரும் நாளில் வயலில் இறங்கி, கட்டத்துக்கு 30 செடிக்குக் கலர் நூல் கட்டுங்கள். தாய்க்கதிரை மட்டும் பாருங்கள், தூர்க்கதிர் எப்போதும் பிந்தித்தான் வரும். கட்டத்தில் முதலில் பூத்த செடிகளில் திடமானவற்றுக்கு நூல். அறுப்பின்போது அந்த முப்பதில் மணி நிறைந்த, நோயில்லாத பதினைந்தை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். 20 கட்டத்துக்கு 300 கதிர். ஒவ்வொரு கதிரிலிருந்தும் சம அளவாக 10 கிராம் எடுத்துக் கலந்தால் 3 கிலோ. பெரிய கதிரிலிருந்து அதிகம் போட்டால் ஓரிரு தாய்களின் வாரிசே வயலை நிறைத்துவிடும். 50 சென்ட்டுக்கு ஒரு கிலோ விதை போதும், மிச்சம் சேமிப்பு.

300 எதற்கு, பத்துக் கதிர் போதாதா என்று கேட்பார்கள். நெருங்கிய உறவுக்குள் சேர்க்கை ஒவ்வொரு தலைமுறைக்கும் "ஒன்று வகுத்தல் இரண்டு மடங்கு செடி எண்ணிக்கை" என்ற அளவில் ஏறும். பத்து செடி என்றால் தலைமுறைக்கு 5 சதவீதம், ஐந்து வருடத்தில் 22 சதவீதத்தைத் தாண்டும். வெளிறிய நாற்று, குட்டைச்செடி, பதர் என்று வெளியே தெரியும். 300 என்றால் 0.17 சதவீதம்தான். கூடவே, சின்னக் கூட்டத்தில் நல்ல வடிவங்கள் தற்செயலாகவே தொலைந்துபோகும். தொலைந்தால் திரும்ப வராது.

எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு எளிய பெருக்கல் உண்டு. வயல் சராசரி 50 நாளில் பூக்கிறது, நீங்கள் தேர்ந்தவை 45 நாளில் பூத்தன, வித்தியாசம் 5. அதில் எவ்வளவு பங்கு மரபுவழி என்பது இன்னொரு எண். தனிச்செடியைப் பார்த்துத் தேரும்போது 0.4 என்று வைத்துக்கொள்வோம். தாய் தந்தை இரண்டும் தேர்ந்தவையாக இருந்தால் 5 பெருக்கல் 0.4, அடுத்த தலைமுறை 2 நாள் முன்னால் பூக்கும். தாயை மட்டும் தேர்ந்து மகரந்தம் எங்கிருந்தோ வந்தால் பாதி, 1 நாள். பூக்கும் நாளில் ஒரு சௌகரியம், சீக்கிரம் பூத்த கதிருக்கு அந்த நேரத்தில் மகரந்தம் தருவதும் சீக்கிரம் பூத்த செடியாகத்தான் இருக்கும். அதனால் உண்மை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஐந்து வருடத்தில் 5 முதல் 8 நாள் முன்னால் வரலாம். நோய் எதிர்ப்பு, மணி எடை இவற்றில் இந்தச் சௌகரியம் கிடையாது.

இங்கேதான் நைஜர் கம்பின் அந்தக் கடைசி வரி. சீக்கிரம் பூத்தால் இலை போடும் நாள் குறையும், கதிர் சிறுக்கும். சீக்கிரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்துகொண்டே போனால் நல்ல மழை பெய்யும் வருடத்தில் பக்கத்து வயலைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியிருக்கும். தனியாக முன்னால் முற்றும் வயலுக்குச் சிட்டுக்குருவியும் கிளியும் மொத்தமாக வந்து இறங்கும். மழை பிந்தி நின்றால் மணி முற்றும் நேரத்தில் நனைந்து பூசணம் பிடிக்கும். ஆகையால் நான் சொல்வது: பூப்பை ஐந்தாறு நாள் முன்னுக்குக் கொண்டுவந்ததும் அதை விட்டுவிட்டு மணி நிறைவைப் பாருங்கள். மழை நன்றாகப் பெய்த வருடத்தில் தேர்வைத் தளர்த்துங்கள். ஒவ்வொரு வருடமும் விதையில் முக்கால் பங்கு புதியது, கால் பங்கு முந்தின வருடத்துச் சேமிப்பு என்று கலந்தால், ஒரு வருடத்துக் கோணல் வானிலை கூட்டத்தை ஒரே பக்கம் இழுத்துவிடாது.

அந்தக் கால் பங்கு யோசனை கொழிஞ்சி என்ற பசுந்தாள் செடியிடமிருந்து எடுத்ததுதான். கொழிஞ்சி விதையில் ஒரு பகுதி, தோல் கெட்டியாகி, மழை பெய்தாலும் முளைக்காமல் மண்ணில் கிடக்கும், மணலோடு தேய்த்தால்தான் தண்ணீர் உள்ளே போகும். முதல் மழையை நம்பி எல்லாம் முளைத்து, அடுத்த மழை வராமல் போனால் வம்சமே போய்விடும் அல்லவா? எத்தனை பங்கு உறங்க வேண்டும் என்பதே பரம்பரையாக வரும் குணம். மழை நம்பமுடியாத நிலத்தில் உறங்கும் விதை உள்ளவையே தப்பும். இதற்கு விலை உண்டு. பழைய விதை பல வருடம் கழித்து முளைத்து வருவதால் கூட்டம் மெதுவாகத்தான் மாறும்.

சேமிப்பு விதையைக் கம்பில் ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில், வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிக்கும், சூடு ஐந்து டிகிரி குறைந்தாலும் அப்படியே என்பது விதைக்காரர்களின் பழைய கணக்கு. முதல் வருட விதையில் அரைக்கிலோவைத் தொடாமல் எடுத்து வையுங்கள். உங்கள் கேள்விக்கான கடைசிச் சாட்சி அதுதான். ஐந்தாவது வருடம் அந்தப் பழைய விதையையும் புதிய விதையையும் சிறு பாத்திகளில் ஒரு போகம் தனித்தனியே, ஒன்றின் மகரந்தம் மற்றதில் சேராதபடி வளர்த்து இரண்டிலும் விதை எடுங்கள். பழைய விதை கிழடு, புதிய விதை திடம் என்ற வித்தியாசம் அதில் போய்விடும். அடுத்த போகம் இரண்டையும் மாற்றி மாற்றி வரிசையாக, குறைந்தது மூன்று இடத்தில் விதைத்து, பாதிச் செடி பூத்த நாளைக் குறியுங்கள். மூன்று இடத்திலும் புதியது முந்தினால் மாறியது மரபணு. ஓரிடத்தில் மட்டும் முந்தினால் அது மண்.

வெற்றிலைக்கும் வாழைக்கும் இந்த எதுவுமே பொருந்தாது. ஆத்தூர்க் கொடிக்காலில் கொடியை வெட்டி நடுகிறோம், விதை இல்லை. ஏத்தனிலும் ரசகதலியிலும் மூன்று தொகுதி மரபுத்திரி (குரோமோசோம்) இருப்பதால் விதையே பிடிக்காது. கன்று தாயின் நகல். சீட்டைக் கலைக்கவே முடியாத ஆட்டம். ஆற்று முகத்துவாரப் பக்கம் நிலத்தடியில் உப்பு ஏறினாலோ வாடல் நோய் வந்தாலோ ஒரு கொடி சாய்கிற காரணத்துக்காகவே எல்லாம் சாயும். எப்போதாவது ஒரு கணுவில் எழுத்துப்பிழை நேர்ந்து வித்தியாசமான கன்று வரும், அதைக் கவனித்துத் தனியாக நட்டு வைத்த யாரோ ஒருவரால்தான் பல வாழை ரகங்களே உண்டாகின. பாதித் தோட்டம் வாடியபோது தப்பித்து நிற்கும் கொடி கண்ணில் பட்டால் அதிலிருந்து தனியாகக் கொடி எடுத்து, மறுபடியும் அதே மண்ணில் நட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது அதிர்ஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் இங்கே வேறு வாசல் இல்லை.

காட்டுமரங்களுக்கு இன்னொரு வழி இடம்பெயர்தல். உயரம் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி குளிரும், ஆக ஒரு டிகிரி சூடு கூடினால் மரக்கூட்டம் 150 மீட்டர் மேலே போக வேண்டும். முண்டந்துறைக் காட்டில் இருவாச்சி பழத்தைத் தின்று விதையைத் தூக்கிப்போய்ப் போடுகிறது. கீழிருந்து மேலே போகும் விதையும் மகரந்தமும் சூட்டுக்குத் தேறிய வடிவங்களை மேலுள்ள கூட்டத்துக்குக் கொண்டுசேர்க்கின்றன. ஆனால் பொதிகை 1,868 மீட்டரில் முடிந்துவிடுகிறது. உச்சிக்குப் போகப் போக இடம் சுருங்கும், கூட்டம் சிறுக்கும், பத்துக் கதிர் கணக்கில் சொன்ன அதே ஆபத்து அங்கேயும் வரும்.

பனையில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி, அயற்சேர்க்கை கட்டாயம், வேற்றுமைக்குக் குறைவில்லை. ஆனால் காய்க்கப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். ஐம்பது வருடத்தில் கம்பு ஐம்பது தலைமுறை காணும், பனை மூன்று நான்கைத் தாண்டாது. இன்று தேரிக்காட்டில் நிற்கும் பெரிய பனைகள் வேறொரு வானிலையில் முளைத்துப் பிழைத்தவை. தேர்வு நடப்பது பெரும்பாலும் கன்றுப் பருவத்தில்தான், கொட்டை நூறு விழுந்தால் வேரை ஆழத்துக்கு விட்டுப் பிழைப்பவை சில. அதனால் பனை நடுகிறவர்கள் வடிகட்ட இடம் கொடுக்க வேண்டும். குழிக்கு ஒரு கொட்டை போட்டுத் தண்ணீர் ஊற்றி எல்லாவற்றையும் காப்பாற்றுவதைவிட, வடகிழக்குப் பருவமழைக்கு முன் குழிக்கு மூன்று கொட்டை போட்டு, தானாகப் பிழைத்ததில் திடமானதை விடுவது மேல். கொட்டை எடுக்கும்போது ஒரே காய்ப்பு மரத்தடியில் சாக்கை நிரப்பாதீர்கள். 300 கொட்டை வேண்டுமென்றால் 60 மரத்தடியில் ஐந்தைந்தாகப் பொறுக்குங்கள், ஒரே பழத்தின் மூன்று கொட்டையும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதால் பழத்துக்கு ஒன்றாக. சாத்தான்குளம் தேரியில் கொஞ்சம், கரிசல் ஓரத்தில் கொஞ்சம், ஆற்றங்கரையில் கொஞ்சம் என்று மண் மாற்றி எடுத்தால் இன்னும் நல்லது.